அப்பா சொல்லித் தந்த ஆப்பிள் டர்னோவர்!



இந்தப் பகுதியில் கைவைத்தியம், சிக்கனம், மாமியார்-மருமகள் சங்கதி என்று நீங்கள் எழுதுவதை எல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வந்தது ஒரு பலகாரத்தைப் பற்றி. பலகாரம் என்றதும் முறுக்கு, அதிரசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிள் டர்னோவர்! பெயரைப் பார்த்துப் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம். நம் ஊர் பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பஃப்ஸ், வெஜிடபிள் பஃப்ஸ் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அக்காள்தான் இது. உள்ளே மசாலாவுக்குப் பதிலாகச் சர்க்கரையும் பட்டைத் தூளும் போட்டு வதக்கிய ஆப்பிள். சதுரமாக வெட்டிய மாவை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் மடித்து மூடுவதால் 'டர்னோவர்'. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். முடிவதற்குள் ஒரு மாதமும் ஒரு கிலோ வெண்ணெயும் போய்விட்டன!

நடந்தது 2024 ஆகஸ்டில். ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள், நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். அதில் வருகிற பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு ஆப்பிள் டர்னோவர் சுட்டுக் கொடுக்கிறாளாம். "அம்மா, அப்படின்னா என்ன? நம்ம வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டாள். பத்தாவதோடு நின்ற எனக்கு, பிள்ளை ஒன்றைக் கேட்டுத் 'தெரியாது' என்று சொல்ல எப்போதுமே மனசு வராது. எங்கள் வீட்டில் ஒரு மின்சார ஓவன் இருக்கிறது. சீட்டுப் பணத்தில் 2021-ல் ஆசையாக வாங்கியது. இரண்டு முறை கேக் செய்தேன். அப்புறம் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, துணிக்கு மேல் மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம் எல்லாம் வைக்கும் அலமாரியாக ஆக்கிவிட்டோம். சரி, அதற்கும் ஒரு வேலை கொடுப்போமே என்று செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தேன்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மாவுக்குள் வெண்ணெய்க் கட்டியைப் பொதிந்து, தேய்த்து, மடித்து, மறுபடி தேய்த்து, சிரித்துக்கொண்டே செய்தாள். மாவைச் சமையல் மேடையிலேயே இருபது நிமிடம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். கோவில்பட்டி வெயில் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஆகஸ்டிலும் பகலில் 36 டிகிரி இருக்கும். இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மைதாவைத் தூவித் தூவி ஒட்டுப் போட்டேன். ஓவனுக்குள் வைத்ததும் வெண்ணெய் முழுக்கத் தட்டில் வழிந்து, அந்த வெண்ணெயிலேயே முக்கோணங்கள் பொரிந்தன. வெளியே எடுத்தால் கல் மாதிரி சோமாசி! என் மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு போனாலும் பரவாயில்ல, வெண்ணெ போச்சே" என்றார். கால் கிலோ போனதில் அவருக்கு வருத்தம். அவர் வருத்தப்பட்டதிலும் தப்பில்லை. அப்போது அரைக் கிலோ வெண்ணெய் முந்நூறு ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் திண்ணைப் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"வெண்ணெ ஓடிருச்சு தாயி."

என் அப்பா.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மானாவாரிக் காடு. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அப்பா பதினேழு வயதில், 1972-ல், ஊரிலிருந்து போன ஒருவரோடு ஊட்டிக்குப் போனவர். ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, விறகு தள்ளி, மாவு பிசைந்து, கடைசியில் 'பஃப்ஸ் மாஸ்டர்' ஆனார். 2015 வரைக்கும் அங்கேதான். அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஊரில். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். கோடை விடுமுறையில் ஊட்டியில் கூட்டம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் வேலை. ஆகவே எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு என்றால் அவருக்கு லீவு கிடையாது. வரும்போது ஒரு தகர டின் நிறைய வர்க்கியும், யூகலிப்டஸ் தைலமும் கொண்டுவருவார். (அந்த ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அதற்கு முன்பே 2020-ல் கிடைத்துவிட்டது என்பதையும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்!) சின்ன வயதில் எனக்கு அப்பா என்றால் அந்த டின்னைத் திறக்கும்போது வருகிற வாசனைதான். நாலு நாள் இருப்பார், அப்புறம் பஸ் ஏறிவிடுவார். பேச்சு என்று ஒன்றும் இருந்ததில்லை.

நான் பத்தாவதில் 412 மார்க் வாங்கினேன். பிளஸ் ஒன் சேர வேண்டும் என்று டவுன் பள்ளிக்கூடத்தில் மனு வாங்கி வைத்திருந்தேன். "இந்த வருஷம் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்" என்று ஊட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கப்புறம் யார் சேர்ப்பார்கள்? அப்பாவிடம் எனக்குப் பேச்சு குறைந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

அம்மா 2019-ல் போய்விட்டார். 2023 பொங்கலுக்குப் பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வலது கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. பேச்சு கொழகொழவென்று வரும். அண்ணன்மார் இரண்டு பேருக்கும் வெளியூர், வாடகை வீடு, அவரவர் கஷ்டம். என் கணவர்தான், "மாமாவை இங்கே கூட்டி வா" என்று சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் அப்பாவுக்கு மருமகன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு இட்லிக்கு மேல் வைத்தால் கையை மறிப்பார். கேட்டால்தான் பதில், அதுவும் தலையாட்டல். ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் அவர் தானாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் 'வெண்ணெ ஓடிருச்சு' என்றதும் நான் தட்டோடு போய் நின்றேன். ஒன்றை இடது கையில் எடுத்து, பிட்டு, உள்ளே பார்த்தார். "ஏடே இல்லையே" என்றார். ஏடு ஏடாக வர வேண்டுமாம். பிறகு, "இதெல்லாம் துரைசானிமார் ஆர்டர் குடுப்பாக. எஸ்டேட்டு பங்களாவுக்கு டஜன் கணக்கில் போகும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் கதைப் புத்தகத்தில் படித்த பலகாரத்தை, என் அப்பா ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்! அது இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அப்பாவை அடுக்களையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். ஏன் நாலரை என்றால், அது அவர் போட்ட உத்தரவு. "அங்க பாதி வேலையக் குளிர் பாத்துக்கிட்டது. நான் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். ஊட்டி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே வெண்ணெய் மேஜையிலேயே கட்டியாக இருக்குமாம். வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும். அப்படியானால் நம் சமையல்கட்டில் அதன் கதி என்ன, யோசித்துப் பாருங்கள். அதனால் மைதாவை முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். சமையல் மேடைக் கல்லின் மேல் ஐஸ் கட்டிகளைத் தட்டோடு கால் மணி நேரம் வைத்துவிட்டுத் துடைக்கச் சொன்னார். பூரிக் கட்டையை ஒதுக்கிவிட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மூடி, அதனால் தேய்க்கச் சொன்னார். சகோதரிகளே, வேறு எதை மறந்தாலும் இந்தப் பாட்டில் யோசனையை மறக்காதீர்கள். பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

மாவு கால் கிலோ மைதா. அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் வெண்ணெய் போட்டுப் பிசறி, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்த்தேன். அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது. சப்பாத்திக்குப் பிசைவது மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. ஒன்று சேர்ந்தால் போதும். எலுமிச்சை எதற்கு என்றால், மாவு தேய்க்கும்போது ரப்பர் மாதிரி சுருங்காமல் இழுத்த இழுப்புக்கு வரும். அப்பா இடது கை விரலால் மாவை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்து, தன் காது மடலைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பதம்.

அதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோம். அதற்குள் 200 கிராம் வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துப் பாட்டிலால் தட்டித் தட்டிச் சதுரப் பலகையாக்கினேன். மாவும் வெண்ணெயும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். வெண்ணெய் அதிகம் விறைத்திருந்தால் உள்ளேயே நொறுங்கும், அதிகம் இளகியிருந்தால் ஓடும். மாவைத் தேய்த்து, வெண்ணெயை நடுவில் வைத்து, கடிதத்தை உறைக்குள் போடுவது போல நாலு பக்கமும் மூடி, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். இது ஒரு மடிப்பு. பிறகு ஃபிரிட்ஜ். மறுபடி எடுத்து, பக்கத்தைத் திருப்பிப் போட்டு, நீளத் தேய்த்து, மூன்றாக மடிப்பு. மறுபடி ஃபிரிட்ஜ்.

"எத்தனை நேரம்ப்பா வைக்கணும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பீடி நேரம்."

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊட்டியில் கடிகாரம் பார்க்கிற பழக்கமே கிடையாதாம். மாவைத் துணி போட்டு மூடிவிட்டு வெளியே போய் இரண்டு பீடி குடித்துவிட்டு வந்தால் கணக்குச் சரியாக இருக்கும். டாக்டர் பீடியை நிறுத்தச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஆகவே எங்கள் வீட்டில் அது அரை மணி நேரம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

மொத்தம் ஆறு மடிப்பு. என் மகள் நோட்டை எடுத்து மூன்றை ஆறு தடவை பெருக்கினாள். 729! ஆறு மடிப்பில் 729 ஏடு வெண்ணெய் உள்ளே உட்காருகிறது. ஓவனின் சூட்டில் வெண்ணெயிலும் மாவிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வோர் ஏட்டையும் தூக்கிவிடுகிறது. ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, வெறும் ஆவிதான் உப்ப வைக்கிறது. "தாத்தா, 729 தாத்தா!" என்று அவள் அவர் மடியில் நோட்டை வைத்தாள். அவர் அந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணாமலே மடிச்சிருக்கேன்" என்றார்.

அந்த ஞாயிறும் உருப்படவில்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாவது மடிப்பு முடிந்து மாவு உள்ளே இருக்கும்போது கரண்ட் போனது. மூன்று மணி நேரம்! மாவு தொளதொளவென்று ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது என் மாமியார் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. மாவை உருண்டையாக்கி, கையாலேயே தட்டி, தோசைக்கல்லில் போட்டு எடுத்தார். அடடா, பரோட்டா தோற்றது போங்கள்! ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. "அண்ணாச்சி, உங்க துரைசானிமார் இதத் தின்னுருப்பாகளா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அன்றைக்கு மூன்று சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம் கரண்ட் கை கொடுத்தது. மாவு உப்பியது. ஏடும் வந்தது. ஆனால் அடிப்பக்கம் ஆப்பிள் சாறு இறங்கி நமுத்துக் களியாகிவிட்டது. தப்பு என்மேல்தான். ஆப்பிளைப் பச்சையாகவே நறுக்கிச் சர்க்கரை தூவி வைத்துவிட்டேன். அப்பா சொன்னபடி அடுத்த தடவை வதக்கினேன். நடுத்தர அளவு ஆப்பிள் மூன்று, தோல் சீவிச் சின்னத் துண்டுகளாக. ஒரு ஸ்பூன் வெண்ணெய், நாலு ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. சாறு வற்றி, துண்டுகள் பளபளவென்று ஆகும்போது இறக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் மாவில் வைக்க வேண்டும். இளம் சூடாக இருந்தாலும் வெண்ணெய் ஓடிவிடும். இன்னொரு பேக்கரி ரகசியம்: ஆப்பிளை வைக்கும் முன் மாவின் மேல் அரை ஸ்பூன் ரஸ்க் தூள் தூவிவிடுங்கள். கசிகிற சாற்றை அது குடித்துக்கொள்ளும்.

ஆப்பிளைப் பற்றி அப்பாவுக்கு ஒரு குறை உண்டு. நமக்குக் கிடைக்கிற சிவப்பு ஆப்பிள் வெறும் இனிப்பு, புளிப்பே இல்லை, சூடு பட்டால் மாவு மாதிரி கரைந்துவிடும் என்பார். ஊட்டியில் சில பங்களாத் தோட்டங்களில் சின்னச் சின்னதாகப் புளிப்பு ஆப்பிள் காய்க்குமாம், அதுதான் இதற்கு லாயக்காம். இந்தச் சிவப்பு ரகத்தை இமாசலப் பிரதேசத்தில் கொண்டுவந்து நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் என்று என் மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். "நல்ல மனுஷன்தான். கொஞ்சம் புளிப்பையும் சேத்துக் கொண்டாந்திருக்கலாம்" என்றார் அப்பா! அதற்காகத்தான் எலுமிச்சை. பச்சை ஆப்பிள் கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம். விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

அந்த மூன்றாவது வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஓவனிலிருந்து தட்டை இழுக்கும்போது மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். பெரிதாக இல்லை, ஒரு கோடு. மாவு மறுபடி ஆறட்டும் என்று விட்டுவிட்டு, வழக்கம் போல அப்பாவின் வலது கைக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். அந்தக் கையில், முழங்கையிலிருந்து பாதி தூரத்துக்கு, சுருங்கிப் போன ஒரு தழும்பு உண்டு. ஒன்றரை வருஷமாகத் தினமும் அதன் மேல்தான் தைலம் தேய்க்கிறேன். என்ன என்று கேட்டதில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கும் தட்டுதான். அடுப்புக்குள்ள விழுந்ததப் புடிக்கப் போயி" என்றார்.

"எப்பப்பா?"

"நீ பத்தாவது பரீச்ச எழுதுன வருஷம். மாசி மாசம்." கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டரை மாசம் வேலைக்குப் போகல. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துருவான்னு சொல்லல" என்றார்.

அது 2004. பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்து, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்த வருஷம். இருபது வருஷமாக நான் மனசுக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. அதை அப்போது கேட்கவில்லை. தைலத்தை முழங்கை வரைக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டு, மாவை எடுத்து நாலாவது மடிப்பு போட்டேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. ஆறு மடிப்பும் முடிந்து, கடைசியாக ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, நெல்மணிக் கனத்துக்குத் தேய்த்தேன். நான்கரை அங்குலச் சதுரங்களாக ஒரே வெட்டாக, கத்தியை இழுக்காமல், மேலிருந்து அழுத்தி வெட்ட வேண்டும். இழுத்தால் ஓரத்தில் ஏடுகள் ஒட்டிக்கொண்டு உப்பாது. எட்டுச் சதுரம் வந்தது. நடுவில் ஒரு பெரிய ஸ்பூன் ஆப்பிள் வைத்து, உள்விளிம்பில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி முள் கரண்டியால் அழுத்தினேன். மேலே இரண்டு கீறல், ஆவி போக. கீறாவிட்டால் பக்கவாட்டில் வெடித்துக்கொண்டு ஆப்பிள் எட்டிப் பார்க்கும். பேக்கரியில் மேலே முட்டை தடவுவார்கள். என் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார், ஆகவே பால் தடவிக் கொஞ்சம் சர்க்கரை தூவினேன். எதைத் தடவினாலும் வெட்டிய ஓரத்தில் வழியக் கூடாது, அங்கேயும் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும்.

ஓவனைக் கால் மணி நேரம் முன்னாலேயே 200 டிகிரியில் சூடேற்றி, தட்டை உள்ளே வைத்தோம். நாங்கள் ஐந்து பேரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் டி.வி. பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஏழாவது எட்டாவது நிமிடத்தில் தூக்க ஆரம்பித்தது பாருங்கள், என் மகள் கத்தியே விட்டாள். நான் கதவைத் திறந்து பார்க்கப் போனேன். "தொறக்காதே!" என்று அப்பா போட்ட அதட்டலில் என் கணவரே திடுக்கிட்டுப் போனார். அவ்வளவு தெளிவாக அந்தக் குரல் வந்து எத்தனை நாளாயிற்று! பதினைந்து நிமிடம் கழித்துச் சூட்டை 180-க்குக் குறைத்து இன்னும் பன்னிரண்டு நிமிடம். நன்றாகச் சிவந்த பிறகுதான் எடுக்க வேண்டும். வெளுப்பாக இருக்கும்போது எடுத்தால் உள்ளே மாவு பச்சையாக இருக்கும், ஆறியதும் உட்கார்ந்துவிடும்.

பத்து நிமிடம் ஆறவிட்டு முதலாவதை அப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைத் தின்னவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்தினார். சரசரவென்று காய்ந்த பனையோலை மாதிரி சத்தம் கேட்டது. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கடி கடித்தார். மேல் சட்டை எல்லாம் தூள்.

"உப்பு தூக்கல்" என்றார்!

உண்மைதான். கடையில் கிடைப்பது உப்பு போட்ட வெண்ணெய். அதை வாங்கிவிட்டு மாவிலும் அரை ஸ்பூன் உப்பு போட்டிருந்தேன். உப்பில்லாத வெண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாவில் உப்பு போடாதீர்கள். பேக்கரிகளில் பலரும் இதற்கென்றே வருகிற மார்ஜரினைப் போடுவார்கள். அது வெயிலுக்குச் சட்டென்று இளகாது, வேலை சுலபம், விலையும் குறைவு. ஆனால் தின்ற பிறகு மேலண்ணத்தில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். அப்பாவின் கடையிலும் சாதாரண பஃப்ஸுக்கு அதுதானாம், பங்களா ஆர்டருக்கு மட்டும் வெண்ணெய். வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிறோம், நான் வெண்ணெயையே சொல்வேன். ஆறு மடிப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள் நாலு மடிப்போடு நிறுத்தலாம், அப்பா அனுமதி கொடுத்திருக்கிறார். ஏடு கொஞ்சம் தடிமனாக இருக்கும், ருசியில் குறைவில்லை. வெயில் நாளில் எனக்கும் நாலுதான் கட்டுப்படியாகிறது. வெட்டி மடித்ததை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், விருந்தாளி வரும்போது அப்படியே எடுத்து ஓவனில் வைக்கலாம். நாலைந்து நிமிடம் கூடப் பிடிக்கும்.

இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் நாலரை மணிக்கு விளக்கு எரிகிறது. மாமியாருக்கு உருளைக்கிழங்கு மசாலா வைத்து, பிள்ளைக்கு ஆப்பிள் வைத்து. அப்பா தனக்கென்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இரவுச் சாப்பாட்டில் மூன்றாவது இட்லிக்குக் கையை மறிப்பதில்லை. சமீபத்தில் ஒரு நாள், "வர்க்கி செய்யலாமா தாயி?" என்று கேட்டார். அதற்கு மாவைப் புளிக்க வைத்து, பதம் பார்த்து என்று வேறு ஒரு பெரிய கணக்கு இருக்கிறதாம். ஊட்டித் தண்ணீரும் ஊட்டிக் காற்றும் இல்லாமல் வராது என்று அவரே சொல்லிவிட்டு, மறுநாள் அவரே மறுபடி கேட்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். சித்திரை, வைகாசியில் ஐஸ் பாட்டிலையும் மீறி வெண்ணெய் இளகுகிறது. வேலூர், திருச்சி மாதிரி வெயில் ஊர்களில் இருக்கும் சகோதரிகள் யாராவது இதற்கு வழி கண்டுபிடித்திருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.

— ஒரு வாசகி, கோவில்பட்டி.